பச்சைப் பின்கதவு

கப்பலில் வந்திறங்கியது பின்கதவு,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே,
கம்பளிச் சாக்கு சுற்றி.
கடிதம் இல்லை.
ஒரு காலுறைக்குள் ஆறு போல்ட்.
கிழக்கு ஃபாக்லாந்திலிருந்து டெஸ்மண்ட் அனுப்பியிருக்கிறான்;
பிரிந்து பதினோரு வருஷம்.

பழைய கதவைக் கிடா உதைத்து நெளித்தது.
மீதியை உப்புக்காற்று தின்றது.
குளிர்காலம் முழுக்கக் கயிறே தாழ்ப்பாள்;
மேட்டில் ஏறும்போதெல்லாம்
தீவன மூட்டையோ நாயோ கீழே விழும்.

கீல் ஊசிக்கு டீசல் ஊற்றி
ஒரு ராத்திரி ஊறவிட்டேன்.
காலையில் சுத்தியல். பிறகு கெட்ட வார்த்தை.
இரண்டாவதற்குத்தான் அசைந்தது.

நீல வண்டிக்குப் பச்சைக் கதவு.
உள்பக்கம் சாக்பீஸில் அவன் ஆட்டுக் கணக்கு:
நாற்பத்தேழு, ஏழுக்கு அந்தக் குறுக்குக் கோட்டோடு.
பிடித்துக்கொள்ள ஆளில்லை,
பீட் கட்டிகளை அடுக்கி முட்டுக் கொடுத்தேன்.
இடது கீல் பொருந்தியது.
வலது ஒரு விரல்கடை தள்ளி நின்றது.
கதவைக் குறுக்கே அளந்தேன், சரி.
வண்டியை அளந்தேன்.
அதுதான் கோணிக் கிடந்தது,
ஓடையில் கவிழ்ந்த அன்றிலிருந்து.
கவிழ்த்தது அவன் என்றுதான்
இந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும்.
நான் சொல்லித்தான் தெரியும்.

துளையை அரத்தால் நீட்டினேன்.
ஐந்து போல்ட் ஏறின.
ஆறாவது மில்லிமீட்டர் மரை;
வண்டி அங்குலக் காலத்தது.
அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
சாயங்காலம் ரேடியோவை எடுத்தேன்,
எல்லாப் பண்ணையும் காது வைத்திருக்கும் அந்த அலைவரிசையில்.

“கதவு வந்தது, டெஸ்மண்ட்.”
“ம்.”
“ஓடையில் அன்றைக்கு ஓட்டினது நான்.”

இரைச்சல்.
எங்கோ ஒருத்தி இருமியது கேட்டது.
பிறகு கேட்டான்:
“மூடுகிறதா?”
“இரண்டு தடவை அறைந்தால்.”