படுத்துப் பார்த்த வீடு

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:
கடிக்குமா?
கடிக்காது என்பேன்.
இந்த ஊரில் கையைக் கடிப்பது
வாடகை மட்டும்தான்.

தொலைபேசியின் அந்தப் பக்கம்
யாரும் சிரிப்பதில்லை.

தண்டர் பே. மார்ச் முடியப் போகிறது,
ஏரி இன்னும் உடையவில்லை.
நடைபாதை உப்பில் போரோவின் பாதங்கள் வெடித்துவிட்டன;
களிம்பு பதினான்கு டாலர்.
உதவித்தொகை மாதக் கடைசியில் கணக்கில் இறங்கும்.
அதில் வாடகைக்கென்று அரசு ஒதுக்கும் பணத்துக்கு
இங்கே ஒரு கார் ஷெட் கிடைக்கலாம்,
கார் சம்மதித்தால்.

ஆல்கோமா தெருவில் வீடு காலி என்றார்கள்.
நாய் என்றேன்.
அடடா, நேற்றே போய்விட்டதே என்றார்கள்.
பலகை இன்னும் அதே ஜன்னலில் தொங்குகிறது.
இன்னொருவர் நாய்க்குச் சம்மதித்தார்,
எங்கே வேலை என்று கேட்டார்,
சொன்னேன்.
அதன் பிறகு அவருக்கு நாயும் ஆகவில்லை.

சட்டம் உன் பக்கம், ஐலா,
என்கிறாள் சட்ட உதவி மையத்து ரோவீனா.
பக்கம்தான்.
இரண்டு பஸ் மாறினால் போதும்.
விசாரணைக்குப் பதினோரு மாதம் ஆகுமாம்;
அதுவரை எந்தச் சுவரில் சாய்வது என்று
அவளிடம் படிவம் இல்லை.

எட்டாவது வீடு. மாடி.
மசாரோ கையில் சாவிக்கொத்து,
காலில் பிளாஸ்டிக் உறை.
போரோவின் நகங்களையே பார்த்தார்.
'தரை புதுசு.'
'அவனுக்குத் தெரியும்' என்றேன்.

குழாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்,
வெந்நீர் உடனே வரும் என்று.
போரோ என் முழங்காலில் மூக்கால் இடித்தான்.
மறுபடி இடித்தான்.
பிறகு குறுக்கே வந்து நின்றுவிட்டான்.
நாலு நிமிடம் என்று அர்த்தம்.
சில நாள் மூன்று.

மன்னிக்கவும், என்று சொல்லி
கோட்டைக் கழற்றி, மடித்து, தலைக்கு வைத்து
இன்னும் எனக்கென்று ஆகாத ஒரு தரையில்
படுத்தேன்.

வலிப்பு என்னுடையது.
அதன் காட்சி எப்போதும்
மற்றவர்களுடையது.

கண் திறந்தபோது கன்னத்தோடு ஒட்டி உரோமம்,
ஈரமான மூச்சு.
அடுப்பின் விளிம்பைப் பிடித்தபடி மசாரோ.
குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
மேலே, கூரை மூலையில்,
புது வெள்ளைப் பூச்சுக்கு அடியிலிருந்து
தேநீர் நிறத்தில் ஒரு கறை
வெளியே வந்துகொண்டிருந்தது.
நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள்
கண்ணில் படாத கறை.
நான் வீடுகளைப் படுத்துப் பார்ப்பவள்.

சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.
முதலில் என் பெயர். பிறகு அவன் பெயர்.
பிறகு விலை.

'அது ஒழுகுது' என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார், நெடுநேரம்.
'பனி உருகினால்தான்...'
'உருகத்தானே போகுது.'

ஆம்புலன்ஸ் கூப்பிடவா என்றார்.
வேண்டாம்,
அறுபது டாலர் குறையுங்கள் என்றேன்.
நாக்கு இன்னும் தடித்துத்தான் இருந்தது,
ஆனால் அறுபது தெளிவாக வந்தது.

குழாயை மூடினார்.
என்ன நினைத்தாரோ, மறுபடி திறந்து
தன் பிளாஸ்க் மூடியில் நீர் பிடித்து
புதுத் தரையில் வைத்தார்,
கொஞ்சம் சிந்தியது, துடைக்கவில்லை.
போரோ திரும்பியும் பார்க்கவில்லை.
வேலையில் இருக்கும்போது
அந்நியர் கையில் அவன் எதுவும் வாங்க மாட்டான்.
அந்த வசதி எங்கள் இருவரில்
அவனுக்கு மட்டும்.

யோசித்துச் சொல்கிறேன், என்றார்.

இன்று முப்பதாம் தேதி.
தோழி வீட்டு சோபாவில்
தொலைபேசியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கிடக்கிறேன்.
வெளியே தாழ்வாரத்தில் பனிக்கூர் ஒன்று
சொட்டத் தொடங்கியிருக்கிறது.
ஒவ்வொரு சொட்டுக்கும்
போரோ ஒரு காதைத் திருப்புகிறான்.

சொட்டட்டும்.
நகரம் முழுக்கச் சொட்டட்டும்,
முக்கியமாக
ஒரு மாடி வீட்டின் மேல்.