அருகிலுள்ள சாதனங்கள்

காலை ஒன்பதுக்குள் அனுப்பியாக வேண்டும்
நீதிமன்றப் பதிவு, நாற்பத்தேழு நிமிடம்.
சாட்சி முணுமுணுக்கிறார். நீதிபதிக்கு இருமல்.
திபிலிசியில் இன்று பனி; ஜன்னலைத் திறக்க வழியில்லை.
இருப்பது ஒரே அறை. கை எட்டும் தூரத்தில் மகன் தூங்குகிறான்.
ஸ்பீக்கரில் போட்டால்
அவனும் சாட்சியாகிவிடுவான்.

லிலோ சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஹெட்போன்.
"ஒருத்தர்தான் வைத்திருந்தார், கீறல்கூட இல்லை"
என்றான் விற்ற பையன்.
கீறல் இல்லைதான்.
நினைவு இருக்கிறது.

காதில் மாட்டியதும் ஒரு பெண்குரல்
"இணைந்தது" என்கிறது ஆங்கிலத்தில்.
எதனோடு என்று சொல்வதில்லை.
கணினியோ "இணைக்கப்படவில்லை" என்கிறது.
இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார்.
நாள் முழுக்க நான் தட்டச்சிடுவதும்
இதைத்தான்.

கைப்பேசியில் புளூடூத்தை அணைத்தேன்,
அதுதான் நடுவில் புகுந்து பறித்துக்கொள்ளும்
என்று தம்பி கோச்சா சொல்லியிருந்தான்.
பட்டியலிலிருந்து நீக்கினேன். சேர்த்தேன். நீக்கினேன்.
கணினியை ஒருமுறை அணைத்தும் எழுப்பினேன்.
பொத்தானை ஏழு விநாடி அழுத்து என்கிறது அட்டைப்பெட்டி,
எறும்பளவு எழுத்தில்.
எண்ணினேன்.
அவசரக்காரியின் ஏழு
ஐந்தில் முடிந்துவிடுகிறது.
மறுபடி, மகனின் மூச்சை வைத்து எண்ணினேன்.
நீலமும் சிவப்பும் மாறிமாறி மின்னின,
தலையணைமேல் ஒரு குட்டிப் போலீஸ் வண்டி.

தேடுகிறது. தேடுகிறது.
சுவர்களுக்கு அப்பால் விழித்திருப்பவை
ஒவ்வொன்றாய்த் திரையில் வந்து நிற்கின்றன:
ஓதாரின் டிவி.
குளியலறை ஸ்பீக்கர் 2. (ஒன்று எங்கே போனது?)
வெறும் எண்களாலான ஏதோ ஒன்று.
மேகோ என்று மட்டும் இன்னொன்று.
அப்புறம்,
நானூலி, வலது செவிக்கருவி.
நானூலி, இடது செவிக்கருவி.

எதிர்வீட்டு நானூலி.
டிராவல்ஸில் வேலை, நாற்பது வயதிருக்கும்,
முடியைக் காது மறையும்படி வெட்டியிருப்பாள்.
ஏன் அப்படி என்று யோசித்ததே இல்லை.
எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும்.
சில்லறை இல்லாத ஒரு சாயங்காலம்
கடிதப் பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தவளிடம்
முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று முறை கேட்டேன்.
திரும்பவில்லை. லிஃப்டில் ஏறினாள். கதவு மூடிக்கொண்டது.
எட்டு மாடி ஏறி வந்து, மூச்சிரைக்க,
கோச்சாவிடம் சொன்னேன்:
செவிடன் காதில் ஊதிய சங்கு.
பழமொழியாகத்தான் சொன்னேன்.
அது முகவரி கேட்டுப் போய்
சரியான வீட்டில் இறங்கியிருக்கிறது.

கோச்சா சொன்ன இன்னொன்றும் நினைவு வந்தது:
இணையக் காத்திருக்கும்போதுதான்
ஒரு சாதனம் தன் பெயரை ஊருக்குச் சொல்லும்.
அப்படியென்றால் இந்த இரண்டு மணிக்கு
அவளும் விளக்கைப் போட்டுக்கொண்டு
எதையோ அழுத்தி,
எண்ணி,
திட்டிக்கொண்டிருக்கிறாள்.
நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு கால்மிதி.

அவள் பெயர் மீது ஒரு கணம் நின்றது என் சுட்டி.
விரலை எடுத்துக்கொண்டேன்.
தப்பித்தவறி அழுத்தியிருந்தால் அவள் காதில்
முன்னறிமுகம் இல்லாத ஒரு 'பீப்'.
இவ்வளவு பக்கத்தில்
நான் யார் வாசலிலும் நின்றதில்லை.

வலது போயிற்று. கொஞ்சம் தாமதித்து இடது.
கிடைத்துவிட்டது போல அவளுக்கு.
எனக்கும் கிடைத்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் பேசும் குரல்.
ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் பதிவாகியிருந்தது:
ஒன்று தொலைபேசிப் பேச்சுக்கு, ஒன்று ஸ்டீரியோவுக்கு.
இரண்டாவதைத் தேர்ந்தேன்.
திடீரென்று நீதிமன்றத்துக்குக் கூரை வந்தது.
நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தாள் புரட்டினார்கள்.

மூன்று முறை கேட்டும் விளங்காவிட்டால்
'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு நகரலாம்,
அலுவலக விதி அது.
சாட்சி பதினெட்டாம் நிமிடத்தில் என்னவோ சொல்கிறார்,
மேசையைப் பார்த்துக்கொண்டு சொல்வது போல.

நான்காம் முறை
பின்னோக்கி ஓட்டுகிறேன்.