முந்நூறு அடியில் கரண்ட் போனது

இருநூற்றுப் பதினோரு முறை விழுந்திருக்கிறேன்.
கணக்கு என்னுடையதல்ல,
திரையின் மூலையில் அதுவே எழுதிக்கொள்கிறது.
ஒத்தக்கடை வேப்பமரத்தில் ஒன்பது.
நரசிங்கம் சாலையில் நின்றிருந்த மினிபஸ்மேல் ஒன்று.
உயர் அழுத்தக் கம்பியில் எத்தனை என்று சொல்லமாட்டேன்.
யானைமலையின் தும்பிக்கையில் ஒருதரம் உட்கார்ந்துவிட்டேன்,
மெர்சலின் சிரித்துச் சிரித்து
டீயைக் கீபோர்டில் கொட்டினாள்.

அவள்தான் இதைச் செய்தவள்.
பகலில் ஐராவதநல்லூர் அலுவலகத்தில்
எந்த நாட்டு வாய்க்கால்களுக்கோ கோடு போடுகிறாள்.
இரவில் எனக்காக நம்மூரை ஏற்றினாள்:
மலை, கண்மாய், கல்குவாரிப் பள்ளம்,
தரிசில் ஆரஞ்சு வட்டம்,
அதன் நடுவில் சாப்பாட்டுத் தட்டளவு மஞ்சள்.
மரங்களுக்கு இலை வைக்க நேரமில்லை.
காற்றை மட்டும் ஒழுங்காக வைத்தாள்,
ஆடிமாத மேல்காற்று மலையில் மோதிப் பிளந்து
கிழக்குச் சரிவில் புரண்டு கிடக்கும் இடம் வரைக்கும்.
"அங்க போகாத. அங்க காத்து கீழ பாக்கத் தள்ளும்."
போனேன்.
தள்ளியது.

புதூர் மாடியறையில் மின்விசிறியைக் கழற்றி
கொக்கியில் இரண்டு சைக்கிள் டியூப் தொங்கவிட்டிருக்கிறோம்.
நுனியில் டவுன்பஸ் கைப்பிடி.
டியூப் எவ்வளவு நீளுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல
டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய பழைய ரேடியோ திருகுகள்.
இடதை இழுத்தால் யானைமலை சுழன்று வலப்பக்கம் போகும்.
இரண்டையும் இழுத்தால்
பூமி கொஞ்சம் தயங்கும்.
விசிறி இல்லாததால் வேர்க்கிறது.
ஆயிரம் அடி உயரத்தில் யாருக்காவது இப்படி வேர்க்குமா?

என் வலது கணுக்காலில் ஆறு ஸ்குரு.
நிஜத்தில் குதித்த ஏழாவது தடவை கிடைத்தவை, வேறு மாநிலத்தில்.
வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பார்க்கிற இடத்துக்குத்தான் போய்ச் சேர்வோம் என்று நினைப்பு.
அப்படியில்லை.
கீழே எல்லாம் நகர்கிறது.
எட்டாத இடங்கள் கண்ணுக்குள் மேலேறிப் போகும்,
தாண்டப்போகிற இடங்கள் காலடிக்குத் தாழும்,
நடுவில் ஒரே ஒரு இடம்
ஏறாமலும் இறங்காமலும் பெரிதாகிக்கொண்டே நிற்கும்.
அங்கேதான் இறங்கப்போகிறோம்,
பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.
இதைக் கண்டுகொள்ள எனக்கு நூற்று நாற்பது சாவு ஆனது.
இப்போது வட்டம் மேலேறினால் கோபம் வருவதில்லை.
எட்டவில்லை, அவ்வளவுதான்.
பக்கத்துச் சோளக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று இரவு
ஆயிரத்தில் காற்றோடு, அறுநூறில் குறுக்கே,
முந்நூறில் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தேன்.
மஞ்சள் தட்டு அசையவில்லை.
மெர்சலின் நகம் கடிப்பதை நிறுத்தினாள்.
மூச்சு விட்டால் கலைந்துவிடும்போல

கரண்ட் போனது.

தெரு மொத்தமும் உச்சுக்கொட்டியது.
யூபிஎஸ் செத்து ஒரு மாதம்.
நான் கைகளைத் தூக்கியபடி இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன்.
"கைய எறக்கு. முடிஞ்சு போச்சு."
முடியவில்லையே, எனக்கு இன்னும் இருபது நொடி இருந்தது.
எண்ணினேன்.
ஆறு, ஏழு. யாரோ கொசுவை அடித்தார்கள்.
பன்னிரண்டில் சோளத்தட்டை வாசம் வரவேண்டும்,
வாசத்துக்கு அவள் இன்னும் எதுவும் எழுதவில்லை.
பதினெட்டில் இரண்டு கைப்பிடியையும்
மார்பு தாண்டி இடுப்புவரை
மெதுவாக, முழுசாக இழுத்தேன்.
டியூப் கிரீச்சிட்டது.
வலது கால் தானாகக் கொஞ்சம் மடங்கிக்கொண்டது.

"எங்க எறங்குன?"
கேலியாகக் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்கு வெளிச்சம் வந்தது.
மூலையில் இன்னும் அதே இருநூற்றுப் பதினொன்று.

காலையில் மாடிக்கொடியில்
எதிர்வீட்டுக்காரர் கைலி கிழக்கே நீட்டி விறைத்து நிற்கிறது.
பதினேழாம் தேதிக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.
காற்று, கொஞ்சம் அதிகம்தான்.