ஆறில் ஐந்து

ஆறு போத்தல் பியர் கொண்டுவந்தான் சுதர்மன்,
மெல்பேர்னிலிருந்து, மகளின் பழைய காலுறைகளுக்குள் நுழைத்து.
ஒன்று வெலிக்கந்தை தாண்டி வெடித்தது.
இரவு ரயில் பெட்டி முழுக்கப் பேக்கரி மணம் என்று
எதிர்ச் சீற்றுக்காரர் சொன்னாராம்.
அதை அவர் சொல்லித்தான் அறிந்தானா என்று
அப்போது நாங்கள் கேட்கவில்லை.

மிச்சம் ஐந்து.
டச்பாரில் டெரிக் செலர் வீட்டுப் பின்வளவு,
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி,
நடுவில் இறால் வாடை விடாத றெஜிபோம் பெட்டி,
அதற்குள் மீன் வாடி ஐஸ்.
கிளாஸ் போதவில்லை.
பிரசாந்தினி தன் பார்மசியிலிருந்து
பாணி மருந்து அளக்கும் குப்பிகள் கொண்டுவந்தாள்.
"பத்துக் கோட்டுக்கு மேல ஊத்தினா ஓவர்டோஸ்,
சொல்லிப்போட்டன்."

முதலாவதன் லேபிளில் ஒரு மீன்.
"பாடுமீனோ?" என்றான் டெரிக்.
இந்த ஊரில் டியூசன் கொட்டிலும் பாடுது, ரயிலும் பாடுது,
பியராவது சும்மா இருக்கட்டும் என்றேன்.
தோடம்பழத் தோலைக் கிள்ளினால்
கண்ணில் தெறிக்குமே, அது.
அதற்குப் பின்னால் வேப்பம்பூ வடகத்தின்
கடைசிக் கடி.
"காசு குடுத்தா இதக் குடிக்கிறானுகள்?" என்றபடி
டெரிக் குப்பியை மறுபடி நீட்டினான்.

இரண்டாவது கறுப்பு.
கருகின பாண் ஓரம் என்றேன் நான்.
சீனி போடாத கோப்பி என்றாள் பிரசாந்தினி.
முதிரையை வாள் சுடுகிற மணம் என்றான் டெரிக்,
அவன் தச்சன், விட்டுக்கொடுக்கமாட்டான்.
சண்டை பெருத்தது.
சுதர்மன் எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான்,
சோதனை மண்டபத்தில் பக்கத்துத் தாள் பார்க்கிறவன் போல.

மூன்றாவது புளித்தது.
"பழுதாப் போச்சு."
"இல்ல, அது அப்பிடித்தான்."
"உனக்கு எப்பிடி இருக்கு?" பிரசாந்தினி கேட்டாள்.
குளிராயிருக்கு, என்றான்.
நுரை குத்துது.
மறுகா ஒண்டும் இல்ல.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூன்று வருசம்.
வேலை, பியர் வடிக்கிற ஒரு சின்னக் கம்பனியில்.
அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.
லேபிளை வாசித்துத் தலையாட்டுகிறான்.
மாம்பழமாம். பைன் மரமாம்.
"பைன் மரத்த நான் எங்க மணந்தன்?
எனக்கு விளங்கிற மணத்தில சொல்லுங்கடா."

வாவியில் ஏதோ துள்ளி விழுந்தது.

புவிதரன் அதுவரை சோடாவோடு தள்ளி இருந்தான்.
மகளின் ஓ.எல். முடிவு வரும்வரை
மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி.
ஏலத்தில் செவுளைத் தூக்காமலே
மீன் செத்த நேரம் சொல்கிற மூக்கு அவனுக்கு.
"நேர்த்தி வாய்க்குத்தான்," என்று கிட்ட வந்து
நாலாவதின் மேல் குனிந்தான்.
நேரமெடுத்தான்.
"மாரி முதல் மழை. வட்டைக்குள்ள விழமுந்தி
காத்தில வருமே, அது.
பக்கத்தில ஆரோ கொய்யாப்பழம் வெட்டுறான்."
சுதர்மன் குடித்தான்.
"கத்தி துருப்பிடிச்சதோ?"
"கொஞ்சம்."
மறுபடி குடித்தான்.
குடிக்காத ஒரு மூக்கும் மணம் செத்த ஒரு நாக்கும்
ஒரே குப்பிக்கு மேல் குனிந்திருந்தன.
டெரிக் சிரிக்கப் பார்த்து, விட்டுவிட்டான்.

ஐந்தாவதன் லேபிள் ஐஸ் தண்ணியில் கழன்று
பெட்டியடியில் கூழாய்க் கிடந்தது.
பெயர் தெரியாது, ஊர் தெரியாது.
ஒருவரும் அவசரப்படவில்லை.
தேன் என்றேன்.
தேனில்ல, தேனெடுத்த கையில ஒட்டின புகை, என்றான் புவிதரன்.
பிரசாந்தினி கண்ணை மூடி வாய்க்குள் உருட்டி
தெரியல்ல, ஆனா நல்லாயிருக்கு, என்றாள்.
டெரிக் கடைசியாய், மெதுவாய்:
"அப்பாட வயலின் பெட்டி. திறந்த உடன."

சுதர்மன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தான்.
"கோட்டுக்கு மேல ஊத்துகா."
ஊற்றினாள்.
பெட்டியை எடுத்துவர எழும்பினான் டெரிக்.
"வேணாம், இரு.
சொல்லு."