உத்தரவாதம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க், சர்ச் தெருவின் கீழ்முனையில்
கவுண்டன் ரேடியோ அண்டு டெலிவிஷன்.
மேல்முனையில் ஹார்டிங் அண்டு சன்ஸ்.
இரண்டு கடையிலும் ஒரே பெட்டி:
வெல்மார், இருபத்தாறு அங்குலம்,
தேக்கு நிறத்தில் மடக்குக் கதவு.
மூடிவிட்டால் புடவை அலமாரி.

கணக்கு எழுதுகிறவள் நான்.
மாதம் பதினெட்டு ரேண்ட், முப்பது தவணை,
இரண்டு வருட உத்தரவாதம்.
எழுபத்தாறு ஜனவரியில்
பேரேட்டில் பக்கம் போதவில்லை.

அதற்குமுன் இந்த நாட்டில் படப்பெட்டியே கிடையாது.
ஆகாயம் வழியாக ஏதோ கெட்டது வரும் என்று
பிரிட்டோரியாவில் பயந்தார்களாம்.
வந்தது ஒரு கடிகாரம்.
நிகழ்ச்சி தொடங்கும்வரை
நார்த்டேலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து
அந்த முள் நகர்வதைப் பார்த்தோம்.
பிறகு ஆங்கிலம். பிறகு ஆப்பிரிக்கான்ஸ்.
மறுநாள் ஆப்பிரிக்கான்ஸ், பிறகு ஆங்கிலம்.
தமிழ் வேண்டுமென்றால்
ஒலியைக் குறைத்துவிட்டு நாங்களே பேசிக்கொண்டோம்.

மெக்கானிக் லோகநாதன் இரண்டு கடைக்கும் ஒருவன்.
இங்கே முன்வாசல், அங்கே பின்வாசல்.
பின்பலகையைக் கழற்றினால் வீடு தெரியும் என்பான்.
ஹார்டிங் பெட்டிகளில் நாய்மயிர், சீட்டுக்கட்டின் ஒரு ராணி.
நம் பெட்டிகளில் திருநீறு, கற்பூரக் கரி,
ஒருமுறை தோட்டுத் திருகாணி
(உரியவள் வந்து அழுது வாங்கிப்போனாள்).
தூசி எல்லாம் ஒன்று என்று எழுத ஆசைதான்.
இல்லை. மோந்தாலே தெரியும்.

வீட்டில் உயரமான, வழவழப்பான, புது இடம் அது.
வேறெங்கே வைப்பார்கள் முருகனை?
முன்னால் காமாட்சி விளக்கு.
சொட்டுச் சொட்டாக நல்லெண்ணெய்
காற்றுத் துளையில் இறங்கி
டிரான்ஸ்ஃபார்மர்மேல் உட்காரும்.
மறு வருஷம் தைப்பூசத்துக்குள் பதினோரு பெட்டி.

ஜோகன்னஸ்பர்க் படிவத்தில் ஒரு கட்டம்:
சேதத்தின் காரணம்.
முதலாளி பூபாலன் கவுண்டன் பொய் பழகாதவர்.
'சாமி விளக்கு' என்று எழுதினார்.
சிவப்பு மையில் பதில் வந்தது:
வழிபாட்டுப் பொருள்களால் நேரும் சேதத்துக்கு
உத்தரவாதம் பொருந்தாது.

அதே வாரம் லோகநாதன்
ஹார்டிங் கடைத் தாள் ஒன்றை என் மேசையில் வைத்தான்.
காரணம்: பிராந்தி கொட்டியது.
பதில்: வீட்டு உபயோகத்தில் இயல்பான விபத்து,
உதிரிபாகம் இலவசம்.

முதலாளி படித்தார். கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடி படித்தார்.
சாயங்காலம் தொப்பியைப் போட்டுக்கொண்டு
தெருவின் மேல்முனைக்கு, அந்தப் பின்வாசலுக்கு நடந்தார்.
அங்கே என்ன பேச்சு, தெரியாது.
திரும்பும்போது கையில்
ஹார்டிங் பெயர் அச்சிட்ட ஐம்பது வெற்றுத் தாள்.
சும்மா இல்லை: பழுதுக்கூலியில் பாதி அவர்களுக்கு.

நான்தான் தட்டச்சு செய்தேன்.
தாயநாயகி மூடலி, ரெய்ஸ்தோர்ப்: பிராந்தி.
குஞ்சம்மா பிள்ளை: பிராந்தி.
இருபது வருஷம் காவடி எடுத்த அருணகிரி படையாச்சி:
விஸ்கி, ஒரு மாறுதலுக்கு.

கம்பெனி ஹார்டிங்குக்கு எழுதியது:
உங்கள் ஊரில் குடி சற்று அதிகம் போலிருக்கிறது,
வாடிக்கையாளர்களிடம் பக்குவமாகச் சொல்லவும்.

தாயநாயகியம்மா பெட்டி எடுக்க வந்தாள்.
முடிச்சவிழ்த்துப் பதினெட்டு ரேண்ட் எண்ணி வைத்தாள்,
பதிமூன்றாம் தவணை.
பெட்டியில் ஒட்டிய சீட்டைத் தடவினாள்.
'இதுல என்னம்மா எழுதியிருக்கு?'
'எண்ணெய்' என்றேன்.
'அதையெல்லாமா எழுதறாங்க' என்றாள்,
கொஞ்சம் பெருமையாக.

'விளக்கையும் படத்தையும் இனி
எதிர்ச்சுவரில் வையுங்க அம்மா.'

கதவை மடக்கி மூடிக்கொண்டே கேட்டாள்:
'அப்போ சாமியும் எங்களோட உக்காந்து
அந்தக் கடிகாரத்தையா பாக்கணும்?'