சதர்லாந்து, மூன்றாம் இரவு

ஆடுகள்கூட அசையாத ஜூலைக் குளிர்,
கரூ மேட்டுநிலம்.
டெல்மரி ஃபிசாகி கையுறையைக் கழற்றாமலே
தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கிறாள்.

திரையில் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.
கருந்துளை ஒன்று தின்னும்போது எழும் வெளிச்சம்.
அதைச் சுற்றி ஊர் உண்டு,
பல்லாயிரம் கோடி விண்மீன்களின் ஊர்;
கூசுவதில் தெரியவில்லை.

"பக்கத்தில் ஏதாவது சாதாரண விண்மீனைப் பிடி.
இன்றைய காற்று வெளிச்சத்தை எப்படிக் கசக்குகிறதென்று
அது காட்டிக்கொடுக்கும்."
அந்தக் கசங்கலை அளந்து
புள்ளியிலிருந்து கழிக்க வேண்டும்.

அதிகம் கழித்தேன்: நடுவில் கறுப்பாய்ப் பள்ளம்,
நானே தோண்டியது.
குறைத்தேன்: இல்லாத வீக்கம்.
இரண்டு மணி. இரண்டரை.
காற்று மாறிவிட்டது. அந்த விண்மீன் இனி உதவாது,
வேறொன்று தேடு.

பிறகு,
ஈரத்துணியால் துடைத்த சிலேட்டில்
பழைய எழுத்து மேலெழுவதுபோல்
ஒரு சுருள். தெற்கே கிழிந்து,
எப்போதோ உரசிப்போன இன்னொரு மண்டலத்தின் பக்கம்
இன்னும் நீண்டபடி.
டெல்மரி ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பையைக் கீழே வைத்தாள்.

நான்கரைக்கு வெளியே வந்தேன்.
மலைப்பாதையில் ஒரு பிக்கப் ஏறிக்கொண்டிருந்தது.
இங்கே யாரும் முகப்பு விளக்கு போடுவதில்லை;
மஞ்சள் ஓரவிளக்கு மட்டும், நடைவேகம்.
அதனால், டாஷ்போர்டின் மங்கலில்,
ஓட்டுகிறவர் தெரிந்தார்:
சமையற்கூடத்து ஹென்ட்ரிக்ஸ், கம்பளித் தொப்பி,
எதையோ பாடுகிற வாய்,
பக்கத்து இருக்கையில்
சீட் பெல்ட் மாட்டிய ரொட்டிக் கூடை.