காலணி எண்

பெயர் பிறகுதான் தெரியவரும்.
முதலில் எண்.
குவோப்பியோவில் ஏரி உறைந்ததும்
சறுக்குக் காலணி வாடகைக்கு விடும்
என் மரக்கொட்டகைச் சன்னலில்
மூக்கொழுக ஓர் இருபத்தெட்டு வந்து நிற்கும்.
கேட்காமலே காலை நீட்டும்.
நாடாவை நான் இறுக்கும்போது
என் தொப்பியைப் பற்றிக்கொள்ளும்,
கூடக் கொஞ்சம் முடியையும்.

மறு பனிக்கு முப்பது.
"நானே கட்டுவேன்."
கால் மணி நேரம். வரிசை முழுக்க முனகல்.
அரைகுறை முடிச்சோடு போய் விழுந்தவன்
அழுவதற்குமுன்
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தான்.
யாருமில்லை. எழுந்துவிட்டான்.
அன்றுதான் பெயர் கேட்டேன்: ஓட்ஸோ.

ஹில்லா மட்டும்
முப்பத்தொன்றிலேயே மூன்று பனிக்காலம்.
கூட வந்தவர்கள் மேல்தட்டுக்கு ஏறிவிட்டார்கள்.
"முப்பத்துமூன்று கொடுங்க" என்றாள் ஒருநாள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.
கொடுத்தேன்.
இரண்டு கம்பளிக் காலுறை திணித்துக்கொண்டு
நிமிர்ந்து போனாள்.
அடுத்த டிசம்பரில் வந்து
"இது கடிக்குது" என்று திருப்பித் தந்தபோது
அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஓட்ஸோ இப்போது நாற்பத்துமூன்று.
குரல் பாதி வாக்கியத்தில் வழுக்குகிறது;
மீதியைத் தோளால் சொல்கிறான்.
நண்பர்கள் இருந்தால் என்னைத் தெரியாது.
நாடா இரண்டும் பனியில் இழுபடுகின்றன.
கட்டாமல் விடுவதுதான் நாகரிகமாம்.
அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துக்கொண்டு
சில்லறையை எண்ணி நீட்டுகிறேன்.

என் காலும் இவ்வருடம்
அரை எண் அகன்றிருக்கிறது.
ஐம்பத்தெட்டு வயதில்!
மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடியை
எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.